சொர்ணக்கனியின் சாடி

உவரோடை ஊர்க்காரர்கள் ஆஸ்பத்திரிக்குப் புறப்படும்போது குடையை எடுத்துக்கொள்வார்கள், பழைய சீட்டை எடுத்துக்கொள்வார்கள், மாத்திரை போட்டு வர மஞ்சள் பையை எடுத்துக்கொள்வார்கள், நெஞ்சுத் துடிப்பை மட்டும் கழற்றி உப்புச் சாடிக்குள் வைத்து மூடிவிட்டுத்தான் வாசல்படி இறங்குவார்கள். அதில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. கொஞ்சம் முன்னால் குனிந்து, உள்ளங்கையை ஏந்தி, ஒரு தடவை இருமினால் சுடுகஞ்சிக் கிண்ணத்தின் சூட்டோடு அது கைக்கு வந்துவிடும். உப்புக்குள் வைத்தால் ஒன்றும் ஆகாது. துடிப்பு எங்கே இருந்தாலும் அது தன் ஆளுக்காகத்தான் அடிக்கும், ஆள் தன் பாட்டுக்கு நடக்கலாம், பேசலாம், வரிசையில் நின்று சண்டை போடலாம், நெஞ்சுக்குள் கொஞ்சம் குளிரும், அவ்வளவுதான். காலையில் ஆஸ்பத்திரி நேரத்தில் அந்தத் தெருக்களில் நடந்தால் பூட்டிய வீடுகளுக்குள்ளிருந்து சாடிகள் அடிக்கும் சத்தம் கேட்கும். வெளியூரில் இருந்து வரும் மீன்காரர்கள் முதலில் பயந்தார்கள், பிறகு அந்தத் தாளத்துக்கே மணி அடித்துக்கொண்டு போகப் பழகிக்கொண்டார்கள்.

இதைத் தொடங்கி வைத்தவர் தங்கப்பழம். உப்பளத்தில் பாத்தி வேலை பார்ப்பவர், பெண்டாட்டி போன பிறகு இரண்டு பெண் பிள்ளைகளைத் தனியாக வளர்த்தவர். மூத்தவள் சொர்ணக்கனியைப் பேறுகாலத்துக்கு உள்ளூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனபோது அவளுக்குக் காலெல்லாம் நீர் கோத்திருந்தது, தலை வலிக்கிறது என்றாள், கண் மங்குகிறது என்றாள். டாக்டர் அன்று ஊரில் இல்லை. வருகிறார், வருகிறார் என்று சாயங்காலம் வரைக்கும் சொன்னார்கள். ஜன்னி கண்டு அவள் வயிற்றுப் பிள்ளையோடு அடங்கிய பிறகு அவர் வந்து, குழாயை நெஞ்சில் வைத்துப் பார்த்து, ஒன்றும் கேட்கவில்லை என்று சொல்லிவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டார். "அடிக்க அடிக்கத்தான் கூட்டிட்டுப் போனேன், அங்க வச்சுத்தான் இல்லாமப் போச்சு" என்று தங்கப்பழம் ஊர் முழுக்கச் சொன்னார். அடுத்த தடவை காய்ச்சலுக்கு மாத்திரை வாங்கப் போனபோது தன்னுடையதை வீட்டில் வைத்துவிட்டுப் போனார். அதைப் பார்த்து மதினிமார்கள் வைத்தார்கள், அதைப் பார்த்து மச்சான்மார்கள் வைத்தார்கள், ஒரு மழைக்காலம் முடிவதற்குள் ஊரில் எந்த வீட்டிலும் உப்புச் சாடி ஒன்றோடு நிற்கவில்லை, ஆளுக்கொன்றாயிற்று.

அதற்குப் பிறகு எத்தனையோ டாக்டர்கள் வந்தார்கள். உவரோடை ஜனங்களுக்கு நெஞ்சு அடிக்கவில்லை என்பதை அவர்களில் ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை. கண்டுபிடிக்க வேண்டுமென்றால் குழாயை நெஞ்சில் வைத்துப் பார்க்க வேண்டுமே. என்ன செய்யுது என்று கேட்டுக்கொண்டே எழுதி முடித்து, அடுத்தவரைக் கூப்பிட்டு, மாறுதல் உத்தரவு வந்ததும் பெட்டியோடு பஸ் ஏறிவிட்டார்கள். ஊரும் அவர்கள் முகத்தை ஞாபகம் வைத்துக்கொள்ள மெனக்கெடவில்லை.

வைகாசி வெயிலில் பொறுப்பேற்க வந்த வசுமதிதான் வைத்துப் பார்த்தாள். ஆரணிப் பக்கத்துக்காரி, நாற்பதை நெருங்கியவள், கல்யாணம் செய்துகொள்ளாதவள். ஊரில் அம்மா தனியாக இருக்கிறாள் என்பதால் வந்த வாரமே சொந்த மாவட்டத்துக்கு மாறுதல் கேட்டு எழுதிப் போட்டுவிட்டாள். அது எல்லா டாக்டரும் செய்வதுதான், அவள் ஒன்றும் வானத்திலிருந்து குதித்தவள் இல்லை. ஆனால் முதல் நாள் முதல் ஆளின் நெஞ்சில் குழாயை வைத்தாள், ஒன்றும் கேட்கவில்லை. இரண்டாவது ஆளிடமும் கேட்கவில்லை. காதுக் குமிழைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மூன்றாவதாக வந்த கிழவரிடம் இடம் மாற்றி மாற்றி வைத்தாள். அவருக்கே பாவமாகப் போய்விட்டது.

"என்னத்த டாக்டரம்மா தேடுதீய? அது வீட்டுல இருக்கு."

"எது வீட்டுல இருக்கு?"

"நெஞ்சடிப்புதான். இங்க கொண்டாறது இல்லலா."

வசுமதி திரும்பி நர்ஸ் தெரசம்மாளைப் பார்த்தாள். அதே ஊரில் பிறந்து அதே ஊரில் வாழ்க்கைப்பட்ட தெரசம்மாள், "ஆமா டாக்டர், யாரும் கொண்டுவர மாட்டாங்க" என்று சொல்லிவிட்டு ஊசிகளை அடுக்கப் போய்விட்டாள். மாவட்டக் கூட்டத்தில் வசுமதி எழுந்து நின்று இதைச் சொன்னாள். பெரிய அதிகாரி கவனமாகக் கேட்டுக்கொண்டு, உவரோடைக்குப் புது ஸ்டெதாஸ்கோப் ஒன்று கொடுக்கச் சொன்னார்.

புதுக் குழாயிலும் கேட்கவில்லை. ஆனாலும் அவள் வைக்காமல் விடவில்லை. வந்தவர் ஒவ்வொருவரின் நெஞ்சிலும் வைத்து, கண்ணை மூடி, ஒன்றுமில்லாததை நிதானமாகக் கேட்டுவிட்டுத்தான் பேனாவை எடுத்தாள். ஜனங்களுக்கு அது கூச்சமாக இருந்தது, சிலருக்குப் பிடித்தும் இருந்தது. இருந்தாலும் சாடியைத் திறந்துகொண்டு வரும் அளவுக்கு யாருக்கும் மனசு வரவில்லை. இரத்த அழுத்தம் பார்க்கும் கருவி கையைச் சுற்றி இறுக்கும், தேடும், பிழை என்று காட்டிவிட்டு மூச்சை விடும். அவள் தெருவுக்குள் போய் வீட்டு வீடாகப் பார்க்கலாம் என்று கிளம்பினாள். அவள் தலை தெருமுனையில் தெரிந்ததும் பெண்கள் அவசரமாகக் கழற்றிச் சாடிக்குள் வைத்து, மேலே துணியைப் போட்டு, மூச்சு காட்டாதே என்று அதட்டினார்கள், சாடிகளும் கேட்டுக்கொண்டன. கூப்பிட்டு உட்கார வைத்துக் கலர் சோடா வாங்கிக் கொடுத்தார்கள். மரியாதையில் ஒரு குறையும் இல்லை.

புதன்கிழமைகளில் மட்டும் தடுப்பூசிக்குக் கைக்குழந்தைகள் வருவார்கள். அவர்களுக்கு இருமிக் கழற்றத் தெரியாது. வசுமதி அந்தக் குழந்தைகளின் நெஞ்சில் தேவைக்கு மேல் நேரம் குழாயை வைத்துக்கொண்டிருப்பாள். மற்ற நாட்களில் ஆஸ்பத்திரிக்குப் பின்னால் இருந்த குவார்ட்டர்ஸில் சோறு வடித்து, ஆளில்லாத மேஜையில் சாப்பிட்டுவிட்டு, ஜன்னல் வழியே ஓலை மூடிய உப்புக் குவியல்களைப் பார்த்துக்கொண்டிருப்பாள். ஊரில் தன் ஒருத்திக்குத்தான் நெஞ்சு நெஞ்சுக்குள்ளேயே அடிக்கிறது என்று நினைக்கும்போது அவளுக்கு அழுகை வரும். அம்மா போன் போட்டு, "எப்பம்மா வர்றே?" என்று கேட்பாள். "உத்தரவு வரட்டும்மா" என்பாள்.

ஆவணியில் தங்கப்பழத்தின் இளையவள் பவளக்கனி அப்பாவோடு ஆஸ்பத்திரிக்கு வந்தாள். புருஷன் மங்களூர்ப் பக்கம் மீன்பிடி விசைப்படகில் இருந்தான், தலைப்பிள்ளைக்கு அப்பன் வீட்டுக்கு வந்திருந்தாள். குழாயை நெஞ்சில் வைத்தாலும் ஒன்றுமில்லை, வயிற்றில் வைத்தாலும் ஒன்றுமில்லை. பிள்ளையினுடையதையும் சேர்த்துச் சாடிக்குள் வைத்துவிட்டு வந்திருந்தாள். ஐப்பசி பிறந்து மறுபடி வந்தபோது வசுமதி அவள் கணுக்காலை விரலால் அழுத்தினாள், அழுத்திய இடம் குழியாகவே நின்றது.

"தலை வலிக்குதா கனி?"

"வெயிலுக்கு வலிக்கும்லா."

"மழைதானே பெய்யுது?"

பவளக்கனி அப்பாவைப் பார்த்தாள். வசுமதி தங்கப்பழத்தைத் தனியாகக் கூப்பிட்டாள். "ஐயா, பெரியவளுக்கு வந்ததேதான் இவளுக்கும் வந்திட்டிருக்குன்னு நினைக்கிறேன். அழுத்தம் எவ்வளவுன்னு தெரியணும். குழந்தை எப்படி இருக்குன்னு கேக்கணும். ரெண்டும் இல்லாம நான் கண்ணைக் கட்டிக்கிட்டு மருந்து கொடுக்க முடியாது. நாளைக்கு அவளை நெஞ்சடிப்போட கூட்டிட்டு வாங்க."

"ஒருத்தியை அப்படித்தாம்மா கூட்டியாந்தேன்" என்றார் தங்கப்பழம். குரலை உயர்த்தவில்லை. "நீங்க நல்லவுகளா இருக்கீய. இல்லைன்னு சொல்லல. ஆனா நாளைக்கு உங்களுக்கு ஒரு மீட்டிங்கு வரும், ஒரு உத்தரவு வரும், போயிருவீய. போனவங்கள யாரும் குத்தம் சொல்லவும் முடியாது."

மாறுதல் கேட்டு எழுதிப் போட்டிருந்தவள் திரும்பிப் போய்ப் பவளக்கனியின் சீட்டை எடுத்து எழுதத் தொடங்கினாள்.

அந்த வாரம்தான் உப்பளங்களில் வேலை நின்றது. மழை இறங்கிவிட்டால் தை வரைக்கும் பாத்தியில் தண்ணீர்தான், வெளியூர்க் கூலிக்குப் போகிறவர்கள் போவார்கள். போவதற்கு முன்னால் ஆணும் பெண்ணுமாக உப்பு வாரும் பலகைகளைத் தோளில் போட்டுக்கொண்டு தெருவில் எதிரும் புதிருமாக நடப்பதை வசுமதி ஜன்னலில் இருந்து பார்த்தாள். ஒருவர் பலகை இன்னொருவர் வீட்டுக்குப் போனது. இந்த வீட்டுப் பலகை எதிர்வீட்டில் சாய்ந்தது, எதிர்வீட்டுப் பலகை பின்தெருவுக்குப் போனது.

"இது என்ன சிஸ்டர், பண்டமாற்றா?"

"அது அவங்கவங்க கைக்குப் பழகின பலகை டாக்டர்" என்றாள் தெரசம்மாள். "வேற பலகையில வாரினா கை கொப்புளிச்சுப் பொத்துரும். அதை விட்டுட்டு யாரும் திரும்பாம இருக்க மாட்டாங்க. தை மாசம் கூட்டா வேலை செய்ய ஆள் வேணும்லா. வாரேன்னு வாயால சொன்னா இங்க எடுபடாது. பலகையைக் கொண்டு வச்சிட்டுப் போகணும்."

மறுநாள் மத்தியானம், தூறலில், வசுமதி தங்கப்பழத்தின் வீட்டுக்குப் போனாள். அவர் கூரை ஒழுகும் இடத்தில் வாளி வைத்துக்கொண்டிருந்தார். சுவரோரமாகச் சாடிகள் வரிசையாக நின்றன, டாக்டர் வருவதைக் கண்டு பவளக்கனி கழற்றி வைத்திருந்ததிலிருந்து இரண்டு சத்தம் வந்தது, பெரியது ஒன்று, அதன் மேல் ஏறி ஓடும் சின்னது ஒன்று. வசுமதிக்குக் காதைக் கொண்டுபோய் வைக்க வேண்டும் போல இருந்தது, வைக்கவில்லை.

"ஐயா, எங்கிட்ட பலகை இல்லை. எனக்குப் பழகினது ஒண்ணுதான் இருக்கு. அதை உங்க வீட்டுல வச்சிட்டுப் போறேன். உங்க பொண்ணு அவளோடதை எடுத்துக்கிட்டு எங்கூட வரட்டும்."

தங்கப்பழம் வாளியைக் கீழே வைத்தார். "கழட்டிருவீயளா? பழக்கமில்லாதவுகளுக்கு வராதே."

வரவில்லைதான். வசுமதி குனிந்தாள், இருமினாள், வெறும் இருமல்தான் வந்தது. மறுபடி இருமினாள், தும்மல் வந்தது. பவளக்கனி வீங்கின காலோடு எழுந்து வந்து சிரித்துக்கொண்டே அவள் முதுகில் கை வைத்து அழுத்தி, "டாக்டரம்மா, இறுக்கிப் பிடிக்காதீய. போனாப் போவுதுன்னு விடுங்க" என்றாள். அந்த ஊருக்கு வந்த பிறகு ஒருவர் வசுமதியைத் தொட்டது அதுதான் முதல் தடவை. அவள் விட்டாள், அது வந்தது.

உள்ளங்கையில் துள்ளிய அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றாள். தங்கப்பழம் உள்ளே போய், பரணிலிருந்து ஒரு சாடியை இறக்கி, தூசியைத் துண்டால் துடைத்து, புது உப்பை அள்ளி நிரப்பிக் கொண்டுவந்தார். மூத்தவள் பிள்ளையோடு புருஷன் வீட்டுக்குத் திரும்பும்போது சீர் கொடுக்க வாங்கி வைத்திருந்த சாடி அது. அதில் அதுவரை எதையும் வைத்ததில்லை.

"சொர்ணக்கனியுது" என்றார். மூடியைச் சாத்திய பிறகும் அவர் கை அதன் மேலேயே இருந்தது.

ஆஸ்பத்திரியில் பவளக்கனியின் கையில் கருவி இறுகியது, தேடியது, இந்தத் தடவை எண்ணைக் காட்டியது. அது நல்ல எண்ணாக இல்லை. வயிற்றில் குழாயை வைத்தபோது பிள்ளை தட்டுத் தடுமாறி ஓடிக்கொண்டிருந்தது. வசுமதி ஊசியைப் போட்டுவிட்டு 108-க்குச் சொன்னாள். பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும், இங்கே அறுவை வசதி இல்லை என்று தங்கப்பழத்திடம் சொன்னாள், சொல்லிவிட்டுத் தானும் வண்டியில் ஏறினாள். அவர் படியில் வைத்த காலை எடுத்துவிட்டார்.

"நீங்க வரலையாய்யா?"

"நீங்க அவளைப் பாருங்க. நான் வீட்டுல இருந்து உங்களோடதைப் பாத்துக்கிடுதேன்."

அன்று நடந்ததை உவரோடை இன்றைக்கும் சாடியை வைத்துத்தான் சொல்லும். தங்கப்பழம் வீட்டுக்கு வந்து சாடிக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். அக்கம்பக்கத்தார் வந்து உட்கார்ந்தார்கள், தெரு வந்து உட்கார்ந்தது, வீட்டில் இடமில்லாமல் வாசலில் குடை பிடித்து நின்றார்கள். வண்டி பாலம் தாண்டும் நேரத்துக்குச் சாடி நிதானமாக அடித்தது. பிறகு வேகம் பிடித்தது, மூடி கடகடவென்று ஆடியது, உப்பு விளிம்பில் சிந்தியது, தங்கப்பழம் சாடியை இரண்டு கையாலும் மடியோடு கட்டிப் பிடித்துக்கொண்டார், பெண்கள் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டார்கள், அந்த டாக்டரம்மா முகத்தில் ஒருநாளும் காட்டாத பயம் முழுவதும் அந்தச் சாடிக்குள் கிடந்து ஓடுவதை ஊர் உட்கார்ந்து கேட்டது, நமக்காக இப்படி ஒரு நெஞ்சு ஓடுமா என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். ஓடியது, ஓடியது, ஒரு இடத்தில் நின்றே போனது மாதிரி இருந்தது. பிறகு ஒரு பெரிய அடி, இன்னொரு அடி, அப்புறம் மெல்ல மெல்ல நடைக்கு வந்தது. தங்கப்பழம் சாடியை இறக்கி வைத்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டார். "பொழைச்சிட்டா. சோறு இருந்தாப் போடுங்க" என்றார். போன் அதற்கு வெகுநேரம் கழித்துத்தான் வந்தது, பெண் குழந்தை, எடை குறைவு, இருவரும் நலம் என்று.

மறுநாளிலிருந்து உவரோடை ஆஸ்பத்திரி ஒரே இரைச்சலாகிவிட்டது. காத்திருப்பவர்கள் உட்காரும் வாங்கு நிறைய நெஞ்சுகள் அடித்தன. இருமிக்கொண்டே வந்து, சாடி மூடியைத் திறந்ததும் அது தானாக நெஞ்சுக்குள்ளே போயிட்டும்மா என்று கூச்சத்தோடு சொன்னவர்களும் உண்டு. எத்தனையோ பேருக்கு அழுத்தம் உச்சத்தில் இருந்தது, எத்தனையோ வால்வுகள் ஒழுகின, ஊர் இவ்வளவு நோயை வைத்துக்கொண்டா நடமாடியது என்று தெரசம்மாளே தலையில் கை வைத்தாள். வசுமதி ஒவ்வொன்றையும் கேட்டாள், அவள் நெஞ்சு மட்டும் குளிர்ந்து கிடந்தது. சாயங்காலம் தங்கப்பழம் வீட்டு வழியாக நடந்து போனால் அவளுடையது அடிப்பது கேட்கும். பவளக்கனி குழந்தையின் தொட்டிலுக்குக் கீழே அதை நகர்த்தி வைத்திருந்தாள், அந்தச் சத்தத்துக்குத்தான் அது தூங்குகிறது என்றாள். ஒரு டீ குடித்துவிட்டு வசுமதி குவார்ட்டர்ஸுக்குத் திரும்புவாள். தையில் எடுத்துக்கொள்ளலாம், அதுதான் முறை என்று நினைத்துக்கொள்வாள்.

தையில் உத்தரவு வந்தது. அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு உடைந்து கிடந்த வாரம் அது. அவள் வைகாசியில் கேட்டது, கேட்டபடியே கிடைத்தது. வேண்டாம் என்று எழுதவும் முடியவில்லை, சந்தோஷப்படவும் முடியவில்லை.

கடைசி நாள் காலையில் வாங்கு நிறைந்திருந்தது, ஆனால் ஆஸ்பத்திரி அமைதியாக இருந்தது. முதல் ஆளின் நெஞ்சில் குழாயை வைத்தாள், ஒன்றும் கேட்கவில்லை. இரண்டாவது ஆளிடமும் கேட்கவில்லை. யாரும் கோபமாக இல்லை. வடையும் பூவும் கருப்பட்டியும் கொண்டுவந்திருந்தார்கள். "நாளைக்கு யாரு வருவாவளோ, அதான்" என்று தலையைக் குனிந்துகொண்டார்கள். வசுமதி எட்டித் தெரசம்மாளின் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தாள். நாடி இல்லை.

"சிஸ்டர், நீங்களுமா?"

"மன்னிச்சிக்கோங்க டாக்டர்" என்று தெரசம்மாள் அழுதாள்.

ஊர் நம்பியது தன்னைத்தான், இந்தக் கட்டடத்தை அல்ல என்பது வசுமதிக்கு அப்போதுதான் உறைத்தது. தான் பஸ் ஏறினால் அடுத்த பவளக்கனி வெறும் நெஞ்சோடுதான் வந்து நிற்பாள். மத்தியானம் பெட்டியோடு தங்கப்பழம் வீட்டுக்குப் போனாள். அவர் சாடியைத் துடைத்து, மூடியைத் திறந்து, தயாராக எடுத்து வைத்திருந்தார். குழந்தை தொட்டிலில் சிணுங்கியது.

"எடுத்துக்கிடுங்கம்மா. உங்களுது உங்களுக்கு வேணும்லா."

அவள் கையை நீட்டினாள், அதன் சூடு விரலில் பட்டது. எவ்வளவு நாளாயிற்று. கையை எடுத்து மூடியைச் சாத்தினாள்.

"இருக்கட்டும் அண்ணாச்சி. புதுசா வர்ற டாக்டருக்கு நான்தான் ஜாமீன். ஊர்ல சொல்லிடுங்க. அவரை நம்பி நெஞ்சோட வரச் சொல்லுங்க. ஏதாவது தப்பா நடந்தா என்னோடது உங்க கையிலதானே இருக்கு?"

தங்கப்பழம் சாடியைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டார். "திரும்பி வருவீயளா?" என்று கேட்டார். பலகை இருக்கும் வீட்டுக்கு ஆள் வந்தே தீர வேண்டும் என்பதைத் தவிர வேறு எதுவும் அவருக்குத் தெரியாது.

"பலகை இங்கதானே இருக்கு" என்றாள் வசுமதி. பஸ்ஸில் ஜன்னலோர இருக்கையில் உட்கார்ந்து, ஊர் எல்லை தாண்டும் வரைக்கும் அழுதாள்.

ஆரணியில் அவள் சித்திரை வெயிலிலும் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தாள். டாக்டருக்கு இரத்த சோகை என்று பேசிக்கொண்டார்கள். அம்மாவைக் குளிப்பாட்டி, ஊட்டி, மாத்திரை கொடுத்துத் தூங்க வைத்த பிறகு அந்த வீட்டில் எதுவும் அடிக்காது, அவளும் அசையாமல் உட்கார்ந்திருப்பாள். யாரிடமும் சொல்லக்கூடிய விஷயமாகவும் அது இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் பவளக்கனி போன் போடுவாள். பேச்செல்லாம் முடிந்ததும் போனைக் கொண்டுபோய்ச் சாடி மேல் வைப்பாள்.

அடுத்த வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வசுமதி கேட்டுக்கொண்டே இருந்தவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "கனி, கூட இன்னொண்ணு கேக்குதே? குழந்தையோடதா?"

"பிள்ளை தெருவுல நிக்கா டாக்டரம்மா. அது புது டாக்டரோடது. ஒரு பிள்ளைத்தாச்சிய வண்டியில ஏத்திட்டுப் போகும்போது அவராவே வந்து இருமிப் பாத்தாரு, வரவே இல்ல, எங்க அப்பாதான் முதுகுல தட்டுனாவ. வேற சாடி இருந்திச்சு, ஆனா தனியா இருந்தா பயந்துக்கிடும்னு அப்பா உங்களோடதுகூட வச்சிட்டாவ."

தங்கப்பழம் போனை வாங்கினார். "அம்மா, இனி ஜாமீன் வேண்டாம். அவரோடதே இருக்கு. எல்லாரும் நெஞ்சோடதான் போறாவ. உங்களோடதை நான் பஸ்ஸேறிக் கொண்டாந்து தந்துருதேன்."

வசுமதி தன் நெஞ்சில் கையை வைத்துப் பார்த்தாள். குளிர்ந்து கிடந்தது. போனுக்குள் அவர் குரலுக்குப் பின்னால் இரண்டும் சேர்ந்து அடித்தன, ஒன்று பழகிய நடையில், ஒன்று இன்னும் இடம் பிடிபடாத நடையில், அங்கங்கே தடுக்கித் தடுக்கி மற்றதைத் தொடர்ந்துகொண்டு.

"அவரோடது புதுசு அண்ணாச்சி. கொஞ்ச நாள் துணைக்கு இருக்கட்டும்" என்றாள். போனை வைக்கப் போனவரை அவசரமாகத் தடுத்தாள். "வச்சிடாதீங்க. இன்னும் கொஞ்ச நேரம் சாடி மேல பிடிங்க."

தங்கப்பழம் பிடித்துக்கொண்டு நின்றார்.